ஆர்தர் காட்டன் கல்லணையிடம் என்ன கற்றார்?

கல்லணையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு கட்டடப் பொறியியல் மாணவர் இங்கே கேட்டிருந்தார்: "ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயர் கல்லணையைத் தோண்டிப் பார்த்து மிரண்டுபோனார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அவர் உண்மையில் என்ன செய்தார்? 96 வயது வரை வாழ்ந்தாராமே, ஆறே கதி என்று கிடந்தவரா, குடும்பம் குட்டி என்று இருந்ததா?" மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த மனிதரைப் பற்றிக் காதில் விழும் கதைகளில் எது நிற்கும், எது நிற்காது? அதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் திருச்சி, தஞ்சாவூர் பக்கம், காவிரியிலும் கொள்ளிடத்திலும். வரலாறு முறையாகப் படித்தவன் இல்லை. மணல், அடித்தளம், மதகு பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் பார்த்தது. காட்டனின் வாழ்க்கை பற்றிச் சொல்வது படித்தது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவு முடிகிற இடத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. அங்கே காவிரியின் படுகை மேலே இருக்கிறது, கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து கிடக்கிறது. தடுக்க ஆளில்லை என்றால் காவிரித் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் சரிந்து கொள்ளிடத்தோடு கடலுக்குப் போய்விடும். அந்தச் சரிவை அடைத்து நிற்பதுதான் பழைய கல்லணை. "காவிரிக்குக் குறுக்கே கட்டிய அணை" என்று பாடப் புத்தகம் முதல் சுற்றுலாப் பலகை வரை எழுதுகிறோம். ஆனால் அது காவிரியை மறித்துத் தேக்கக் கட்டியதில்லை, காவிரி நழுவிப் போய்விடாமல் பிடித்து வைக்கக் கட்டியது. இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் காட்டன் செய்த வேலையும் தானாகப் புரிந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரச்சினை மேலே, முக்கொம்பில்தான் முற்றியது. கொள்ளிடம் கடலுக்குக் குறுக்கு வழி. சரிவும் அதிகம். தண்ணீர் எங்கே வேகமாகப் போகிறதோ அங்கே படுகை அரித்துக் கீழே இறங்கும். எங்கே மெதுவாகப் போகிறதோ அங்கே மணல் தங்கி மேலே ஏறும். ஒரு தடவை இது தொடங்கிவிட்டால் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். கொள்ளிடம் ஆண்டுக்கு ஆண்டு பள்ளமானது, காவிரியின் தலைப்பு ஆண்டுக்கு ஆண்டு மணல் மேடிட்டது. கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், மணலை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள், கரையை உயர்த்திப் பார்த்தார்கள். 1804-இல் கால்டுவெல் என்ற படைப்பொறியாளர் ஆய்வு செய்து கல்லணையையும் கரைகளையும் உயர்த்த வைத்தார். (மொழியறிஞர் கால்டுவெல் வேறு, இவர் வேறு.) எதுவும் நீடிக்கவில்லை. தஞ்சாவூர்ப் பாசனம் சுருங்கிக்கொண்டே போனது, நில வரியும் கூடவே குறைந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கும்பினிக்கு இதில் இருந்த அக்கறை முதலில் வரியின் மேல் இருந்த அக்கறைதான்.

இந்த இடத்தில்தான் காட்டன் வருகிறார். 1803 மே 15-இல் பிறந்தவர். பதினொரு ஆண்பிள்ளைகள் இருந்த வீட்டில் பத்தாவது. 15 வயதில் கும்பினியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளி, 1821-இல் சென்னை. 1822 முதல் தென்பகுதி ஏரித் துறையில் உதவிப் பொறியாளர். பாம்பன் கால்வாயை அளந்தார், முதல் பர்மியப் போருக்குப் போய் வந்தார். 1828-இல் கேப்டன் ஆனதும் காவிரி ஆய்வு அவர் கையில் வந்தது. அப்போது அவருக்கு 25 வயது. முக்கொம்பில் நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். என்னிடம் யாரும் ஆற்றைத் திருப்பச் சொல்லவில்லை, ஷட்டருக்கு கிரீஸ் போட்டார்களா என்று பார்க்கச் சொன்னார்கள்.

அங்கே ஒரு வயதான லஸ்கர் (மதகுகளைத் திறந்து மூடிக் கவனிக்கும் ஊழியர்) இருந்தார். சேர்ந்த முதல் கோடையில் என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கணுக்கால் ஆழ ஓட்டத்தில் மணலில் நிற்க வைத்தார். "நகராம நில்லுங்க சார்" என்றார். கொஞ்ச நேரத்தில் குதிகாலுக்குக் கீழே மணல் கரைந்து போவது தெரிந்தது. முதலில் குதிகால் இறங்கியது, அப்புறம் பாதம் முழுக்கச் சாய்ந்து புதைந்தது, உடம்பு பின்பக்கமாகத் தள்ளாடியது. ஓட்டத்தின் வேகம் என்னைத் தள்ளவே இல்லை. "பாத்தீங்களா? தண்ணி கல்லைத் தள்ளாது சார். கல்லுக்குக் கீழ இருக்கற மண்ணைத் திருடிட்டுப் போயிரும்" என்றார். கல்லூரியில் நான்கு ஆண்டு படித்த மண்ணியக்கவியல் எனக்கு அந்த ஐந்து நிமிடத்தில்தான் விளங்கியது.

கல்லணையைக் கட்டியவர்கள் அந்தத் திருட்டைத் தடுக்கவில்லை. அதையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் நாங்கள் புரிந்துகொண்டிருப்பது. பெரிய கல்லை ஓட்டத்தில் போட்டால் அடி மணல் அரிபடும், கல் இறங்கும். அதன் மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். மேலும் மேலும் போட, ஓரிடத்தில் இனி இறங்காது என்ற நிலை வரும். அடிப்பாறையைத் தேட வேண்டியதில்லை. ஆறே கல்லைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பொறியாளர்கள் பதிந்திருக்கும் பழைய அளவுகளின்படி அது 1,080 அடி நீளமும் 40 முதல் 60 அடி அகலமும் 15 முதல் 18 அடி ஆழமும் கொண்ட கரடுமுரடான கற்குவியல். நேர்கோட்டில் இல்லாமல் பாம்புபோல் வளைந்து கிடந்தது. இன்று நீங்கள் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கும் பாலமும் ஷட்டர்களும் பிற்காலத்தவை. பழைய அணை அவற்றுக்கு அடியில் இருக்கிறது.

கரிகாலன் கட்டினான் என்பதையும் இங்கேயே தொட்டுவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்பதைச் சோழர் செப்பேடு சொல்கிறது. கல்லணையை அவனோடு சேர்ப்பது நீண்ட மரபு. மரபை நான் மதிக்கிறேன். ஆனால் கரை எடுத்ததற்கு இருக்கும் சான்றும் அணை கட்டியதற்கு இருக்கும் சான்றும் ஒரே எடை இல்லை. யார் கட்டியிருந்தாலும் நம் ஊர் மண்ணை அறிந்த ஆட்கள் கட்டியது என்பதில் மட்டும் எனக்குத் துளியும் ஐயமில்லை.

சரி, "தோண்டிப் பார்த்து மிரண்டுபோனார்" என்ற காட்சி? காட்டன் 1830 வாக்கில் கல்லணையில் மணற்போக்கி மதகுகள் அமைத்தார். மேடிட்ட மணலை அடிவழியாகத் தள்ளிவிடுவதற்கான திறப்புகள் அவை. அணையின் உடலை ஓரளவு அறுக்காமல் மதகு வைக்க முடியாது. ஆகவே உள்ளே எப்படி இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்திருப்பார் என்பது பொறியாளனாக என் ஊகம். பன்னிரண்டு அடி தோண்டினார், திகைத்து நின்றார் என்று வரும் வசனமெல்லாம் பின்னால் யாரோ சேர்த்த மசாலா. ஆனால் அதைவிடப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது, அதை அந்தச் செய்திகள் கண்டுகொள்வதே இல்லை. காட்டன் தன் முதுமையில், ஆழம் தெரியாத தளர்ந்த மணலில் அடித்தளம் பிடிக்கும் வித்தையை இந்த நாட்டுப் பொறியாளர்களிடம்தான் கற்றோம் என்று எழுதினார். அந்தப் பாடத்தைக் கொண்டுதான் பாலங்களையும் அணைக்கட்டுகளையும் கட்டினோம், அவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம் என்றும் எழுதினார். ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களிடம் பாடம் கற்றதாக எழுத்தில் ஒப்புக்கொள்வது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை. திகைத்தார் என்பதைவிடக் கடன்பட்டேன் என்று எழுதிக் கொடுத்தார் என்பது எனக்கு எவ்வளவோ மேலாகத் தெரிகிறது.

கற்றதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் முக்கொம்பு. 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஒரு தாழ்வான சுவரைக் கட்டினார். அதுதான் மேலணை. பிரம்மாண்டமாக எதையும் நினைக்காதீர்கள். ஆள் உயரத்தை ஒட்டிய சுவர், அவ்வளவுதான். அதை நிறுத்தியது மணலில் இறக்கிய கிணறுகள். நம் ஊரில் உறைக்கிணறு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உறையை வைத்து உள்ளே மண்ணை அள்ள அள்ள உறை தன் எடையிலேயே கீழே போகும். அதேபோலச் செங்கல் கிணறுகளை வரிசை வரிசையாக இறக்கி, உள்ளே அடைத்து, அதன் மேல் சுவரை எழுப்பினார்கள். சுவருக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் விழுந்து குழி பறிக்காமல் இருக்கக் கல் தளம். இடையில் மணற்போக்கிகள். மணலில் மிதக்கிற மாதிரி ஓர் அணை. பாறை கிடைக்காத ஆற்றில் அதற்கு முன்பு இந்த அளவில் துணிந்தவர்கள் அதிகம் இல்லை.

அணை வேலை செய்தது. வேண்டியதற்கு மேலேயே வேலை செய்தது என்றுகூடச் சொல்லலாம். கொள்ளிடத்துக்குள் போன தண்ணீர் குறைந்து காவிரிப் பக்கம் திரும்ப, இப்போது காவிரியின் தலைப்பு அரித்து அகலமாகத் தொடங்கியது. வெள்ளம் தஞ்சாவூர்க் கரைகளை மோதியது. 1840-களில் மேலணைச் சுவரின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் வாயிலும் குறுக்கே ஒரு தடுப்பு போட்ட பிறகுதான் நிலைமை சமனானது. இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், திட்டி எழுதுகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆற்றில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டுமானம் போட்டால் ஆறு பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டு மறுபடி திருத்த வேண்டும். காட்டன் தொடங்கிவைத்ததைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். வேலை அப்படித்தான் நடக்கும்.

அதே 1836-இல் கீழேயும் ஓர் அணை கட்டப்பட்டது. அணைக்கரையில் இருக்கும் கீழணை. கொள்ளிடத்தில் தப்பி வருகிற தண்ணீரை அங்கே பிடித்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், ராஜன் வாய்க்கால்களுக்கும் திருப்புகிறார்கள். வீராணத்திலிருந்து குழாய் வழியே தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நீங்கள் சென்னையில் படிப்பவர் என்றால், உங்கள் விடுதிக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த இடத்தைத் தாண்டி வந்ததாக இருக்கலாம்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடப் பக்கம் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனபோது "182 ஆண்டு பழைய அணை உடைந்தது" என்று செய்தி வந்தது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் மறுநாள் காலை அங்கே போய் நின்றேன், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தூண்கள் சரிந்து கிடந்தன. வேலை முடிந்து ஊருக்குப் போன பழைய ஆட்கள் எல்லாரும் கரையில் வந்து நின்றார்கள், யாரும் அதிகம் பேசவில்லை. பின்னர் பக்கத்திலேயே புதிய கதவணை கட்டினார்கள். உங்களுக்காக ஒரு திருத்தம்: அந்த ஷட்டர்களும் தூண்களும் காட்டன் காலத்தவை இல்லை. அவர் கட்டியது கதவுகள் இல்லாத தாழ்வான சுவர். ஷட்டர் ஏற்பாடு அவருக்கு வெகு காலம் பின்னால் வந்தது. ஆகவே உடைந்ததற்கும் அதற்கு முன் அத்தனை காலம் நின்றதற்கும் அவர் பெயரை மட்டும் இழுப்பது சரியாகாது.

கோதாவரியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித் தெலுங்கில் நிறைய இருக்கிறது. 1830-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் கொடும் பஞ்சம். ஆறு நிறையத் தண்ணீர் ஓடும் கழிமுகத்தில் சனங்கள் பட்டினியால் செத்தார்கள். காட்டன் 1840-களில் அறிக்கை கொடுத்து, 1847-இல் தவளேஸ்வரத்தில் வேலையைத் தொடங்கினார். ஆற்றிடைத் தீவுகளை இணைத்து நான்கு துண்டுகளாக அணைக்கட்டு. 1852-இல் முடிந்தது. அடிப்படை வித்தை கொள்ளிடத்தில் கற்ற அதே மணல் வித்தைதான். ஆட்களைத் திரட்டி வேலை வாங்கியதில் வீணெம் வீரண்ணா என்ற உள்ளூர் அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு, அவர் பெயரைச் சொல்லாமல் காட்டன் பெயரை மட்டும் சொல்வது அநியாயம். இன்றும் கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் காட்டன் சிலை நிற்கிறது. குதிரை மேல் உட்கார்ந்த சிலைகளும் உண்டு. அவரைப் பகீரதனாகச் சொல்லும் ஒரு சுலோகத்தைக் கோதாவரியில் நீராடும்போது சொல்லும் வழக்கமும் இருக்கிறது. ராஜமகேந்திரவரத்தில் என் காதாலேயே கேட்டேன். நம் பக்கம் காட்டனுக்கு அந்த அளவு இடம் இல்லை. நம்மிடம் அதற்கு முன்பே கல்லணை இருந்தது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி "ஆறே கதி என்று கிடந்தவரா" என்ற கேள்வி. அவர் வெளியில் வாழ்ந்த மனிதர், அதில் சந்தேகமில்லை. அந்தக் காலத்துப் பாசனப் பொறியாளருக்கு அலுவலகம் என்பது கூடாரம். கோடையில் ஆறு வற்றினால்தான் படுகையில் வேலை. அதாவது உடம்பு தாங்காத மாதங்கள்தான் வேலை மாதங்கள். மே மாதம் கொள்ளிட மணலில் காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. மட்டக் கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அளவுகோல் கானலில் நெளியும், அளவு எடுக்க முடியாது. விடியற்காலையில் எடுத்தால்தான் உண்டு. காட்டன் இப்படி ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார். அதற்கு விலையும் கொடுத்தார். திரும்பத் திரும்ப நோய். தவளேஸ்வரம் வேலையின் நடுவே 1848-இல் வெயில் தாக்கி, உடல்நலம் தேற ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அவர் 1850-இல் திரும்பி வரும் வரை வேறொருவர் வேலையைப் பார்த்துக்கொண்டார். இப்படி உடைந்த உடம்பு 96 ஆண்டு ஓடியது எனக்கு இன்றும் வியப்புதான்.

குடும்பமும் நோயின் வழியாகத்தான் வந்தது என்று சொல்லலாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு தடவை உடல்நலத்துக்காக ஆஸ்திரேலியா பக்கத்துத் தீவான டாஸ்மேனியாவுக்குப் போயிருந்த காலத்தில், 1841-இல், எலிசபெத் லியர்மந்த் என்பவரை மணந்தார். அப்போது அவருக்கு 38 வயது. 1842-இல் அங்கேயே மகள் பிறந்தாள், அவளுக்கும் எலிசபெத் என்றே பெயர். ஆல்ஃபிரட் என்று ஒரு மகனும் உண்டு. என் மகள் பிறந்த வாரத்தில் நான் கொள்ளிடக் கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நாள்தான் போய்ப் பார்த்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என் மாமியார்தான் "ஆத்துக்கு வேற ஆள் இல்லியா மாப்ளே?" என்று கேட்டார். அதனால் காட்டன் நல்ல குடும்பஸ்தரா என்ற கேள்விக்கு நான் எளிதில் மதிப்பெண் போடமாட்டேன். அந்தத் தொழிலில் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று: அவர் இறந்த மறு ஆண்டே, 1900-இல், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டது அந்த மகள்தான். தகப்பன் மேல் உயிரையே வைத்திருந்தவர் எழுதிய புத்தகம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

இங்கேதான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. காட்டனின் குணம், பக்தி, வீட்டுப் பேச்சு பற்றி இணையத்தில் பார்ப்பதில் பெரும்பாலானவற்றின் ஊற்று அந்த ஒரே புத்தகம். எழுதியவர் கடற்படைத் தலைவர் ஜேம்ஸ் ஹோப்பை மணந்ததால் லேடி ஹோப் என்று அறியப்பட்டவர், மதுவிலக்குக்காகக் காபிக் கடைகள் நடத்திய சுவிசேஷகி. அவரை உலகம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. சார்லஸ் டார்வின் கடைசிக் காலத்தில் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு தன் கொள்கையைப் பற்றி வருந்தினார் என்று ஒரு கதை உலவுகிறதே, 1915-இல் அதை அமெரிக்காவில் வெளியிட்டவர் இவர்தான். டார்வினின் மகள் 1922-இல் அதை அடியோடு மறுத்தார். தந்தையின் கடைசி நோயில் லேடி ஹோப் அங்கே இல்லவே இல்லை என்றார். டார்வினைப் பற்றி ஆய்ந்தவர்களும் அந்த மனமாற்றக் கதையை ஏற்பதில்லை. இதனால் தகப்பனைப் பற்றி எழுதியதும் பொய் என்று சொல்ல வரவில்லை. அதில் இருக்கும் தேதிகள், பதவிகள், கடிதங்கள் அரசு ஆவணங்களோடு ஒத்துப்போகும் இடங்களை நம்பலாம். யாருமில்லாத அறையில் யார் என்ன சொன்னார், எப்படிக் கண் கலங்கினார் என்று வரும் இடங்களில் ஒரு கை தள்ளி நின்று படியுங்கள். அணைக்கு மட்டம் பார்ப்பதுபோல் புத்தகத்துக்கும் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அவர் தவறிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். "நதிநீர் இணைப்பின் தந்தை காட்டன்" என்று ஒரு பட்டம் சுற்றுகிறது. அவர் கனவு கண்டது முதன்மையாகப் படகுப் போக்குவரத்துக்கான கால்வாய் வலை. ரயிலைவிடக் கால்வாய் மலிவு, சரக்கும் போகும், வயலும் பாயும், ஆகவே ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். இத்தனைக்கும் 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் ஏற்றி வந்த, நாட்டின் முதல் ரயில் பாதை என்று சொல்லப்படுவதை அமைத்தவரும் இவரேதான். அவர் ஊக்கம் கொடுத்த சென்னைப் பாசனக் கம்பெனி, 10 லட்சம் பவுன் மூலதனத்துக்கு அரசாங்க உத்தரவாதத்தோடு துங்கபத்திரையில் கர்நூல்–கடப்பைக் கால்வாயை எடுத்தது. பணம் கரைந்தது, வருமானம் வரவில்லை. 1882-இல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ஏன் தோற்றது என்று கேட்டால் மண்தான் பதில். கழிமுகத்தில் நிலம் தட்டை, நெல் தண்ணீர் கேட்கும் பயிர், மடையைத் திறந்தால் போதும். கர்நூல் பக்கம் கரிசல். ஈரத்தைத் தானே பிடித்து வைக்கும். பருத்தியும் சோளமும் போட்ட விவசாயி மழை பொய்த்த ஆண்டில் மட்டும் தண்ணீர் கேட்டான், மற்ற ஆண்டுகளில் காசு கொடுத்து வாங்க அவனுக்கு அவசியம் இல்லை. கொள்ளிடத்தில் மண்ணைக் கவனித்து ஜெயித்தவர், இங்கே மண் சொன்னதைக் கேட்காமல் போனார் என்று எனக்குத் தோன்றும். பெரும் பஞ்சத்துக்குப் பிறகு 1878-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது அவருடைய கணக்குகளைக் குடைந்து எடுத்தார்கள். அப்போது அவருக்கு 75 வயது.

ஆனால் ஒன்றில் அவர் பக்கம்தான் நான். பழைய ஏரிகளையும் வாய்க்கால்களையும் பராமரிக்காமல் விட்டதற்காகத் தன் சொந்த அரசாங்கத்தையே அவர் எழுத்தில் சாடினார். நூற்றாண்டுகளாக நின்ற இந்நாட்டுப் பழைய வேலைகள் எவ்வளவு துணிச்சலானவை என்று எழுதியதும் அந்த வாதத்தின் பகுதிதான். வருமானக் கணக்குக் காட்டித்தான் வாதாடினார், கும்பினியிடம் வேறு மொழி எடுபடாது. அதற்காக அவர் பட்டினியைப் பார்த்துக் கலங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஓய்வுக்குப் பிந்திய கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1860-இல் ஓய்வு, மறு ஆண்டு சர் பட்டம். பின்னாளில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற சிற்றூரில் குடியிருந்தார். சும்மா இருக்கவில்லை. மண்ணை ஆழமாகக் கொத்திப் பொலபொலப்பாக்கிக் காற்றோட்டம் கொடுத்தால் கோதுமை எவ்வளவு கூடுதலாக விளையும் என்று தோட்டத்தில் சோதனை செய்துகொண்டிருந்தார். 1876-இல், 73 வயதில், அரபு மொழி கற்பதற்கு ஒரு சிறு பாடநூல் வெளியிட்டார். 1899 ஜூலையில் இறந்தார், அந்த ஊர்க் கல்லறையிலேயே புதைத்தார்கள். ஆற்று மணலில் தொடங்கி வீட்டுத் தோட்டத்து மண்ணில் முடிந்த கவனம் அது. ஓய்வுக்குப் பிறகு நானும் வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டில் கத்தரியும் வெண்டையும் போடுகிறேன். மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

நீங்கள் அடுத்த தடவை வரும்போது கல்லணையோடு திரும்பிவிடாமல் முக்கொம்புக்கும் போங்கள். தண்ணீர் திறப்பதற்கு முன்பு, ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ, விடியற்காலையில் போனால் படுகை தெரியும். ஆற்றில் இறங்கலாமா என்று அங்கே பணியில் இருக்கும் லஸ்கரிடம் கேட்டுவிட்டு, கணுக்கால் ஆழம் ஓட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் நகராமல் நில்லுங்கள்.